ஆகாயத்தில் ஒரு லாரி: ஒலெக் அன்டோனோவ் கட்டிய ராட்சத விமானம் யாருக்காக?

ராணுவத்துக்காகப் பிறந்த சரக்கு விமானம் ரயில் இன்ஜினையும் பழங்காலக் கல்தூணையும் சுமந்தது எப்படி? அதன் பின்னால் இருந்த மனிதர் யார்?

சுவா சூ காங்கில் வசிப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிது இல்லை. பக்கத்திலேயே தெங்கா ஆகாயப்படைத் தளம். அங்கிருந்து ஒரு போர் விமானம் கிளம்பினால் போதும், ஃபோனில் பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை ஒரு நிமிடம் நிறுத்தவேண்டியதுதான்.

ஆனால் ஓர் ஆகாயப்படை போர் விமானங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓட முடியாது. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை இந்தோனேசியாவைத் தாக்கியபோது சிங்கப்பூரிலிருந்து உதவிப் பொருள்களோடு கிளம்பியவற்றில் சி-130 ரகச் சரக்கு விமானங்களும் உண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் காஸா மக்களுக்கு வானிலிருந்து உணவுப் பொருள்களைப் போட்டதும் சிங்கப்பூரின் சி-130தான். அவற்றின் வீடு பாய லேபார் ஆகாயப்படைத் தளம்.

பாய லேபார் தளம் 2030ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக இடம் மாறவிருக்கிறது. அதன் வசதிகளுக்கு இடம் கொடுக்கச் சாங்கியும் தெங்காவும் விரிவடைகின்றன. தெங்கா விரிவாக்கத்துக்காகச் சுவா சூ காங் இடுகாட்டில் சுமார் 80,000 கல்லறைகள் தோண்டி இடம் மாற்றப்படும் என்று 2017ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. விமானத்துக்கு வானம் மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்பதை இந்த வட்டாரத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

சரி, அந்த நிலமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஓடுபாதை கிடையாது. பாரந்தூக்கி கிடையாது. சாலையும் சரியில்லை. ஆனால் பல டன் எடையுள்ள ஒரு பொருள் அங்கே போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும்.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஒலெக் அன்டோனோவ். உலகின் மிகப் பெரிய சரக்கு விமானங்களில் இன்றும் அவர் பெயர்தான்.

சரக்கு விமானம்னா என்ன வித்தியாசம்?

தேக்காவில் மாலை கட்டும் கடைகளுக்கு வரும் மல்லிகைப்பூ இந்தியாவிலிருந்து விமானத்தில்தான் வருகிறது. அதற்குத் தனி விமானம் தேவையில்லை. பயணிகளின் காலுக்குக் கீழே, பெட்டிகளோடு பெட்டியாக வந்துவிடும். வழக்கமான சரக்கு விமானங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். பொருளைச் சின்னச் சின்னதாகக் கட்டி, பக்கவாட்டுக் கதவு வழியாக ஏற்றுவார்கள். பயணிகள் விமானத்தின் தரை நிலத்திலிருந்து ரொம்ப உயரம். அதனால் ஏற்றி இறக்க விமான நிலையத்தில் தனி வண்டிகள் வேண்டும்.

டாங்கியையோ ரயில் இன்ஜினையோ அப்படிப் பிரித்து அடுக்க முடியுமா? முடியாது. அதற்கு வேறு மாதிரி விமானம் தேவை.

• இறக்கை மேலே இருக்கவேண்டும். அப்போதுதான் உடல்பகுதி தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். வண்டியை நேராக உள்ளே ஓட்டிவிடலாம். இன்ஜினும் உயரத்தில் இருப்பதால் கல்லும் மண்ணும் உள்ளே போகும் ஆபத்து குறைவு.

• சக்கரங்கள் நிறைய வேண்டும். எடை பல சக்கரங்களுக்குப் பிரிந்து போனால் மோசமான தரையும் தாங்கும்.

• கதவு பெரிதாக இருக்கவேண்டும். வாலுக்கு அடியிலோ மூக்குப் பக்கத்திலோ, விமானத்தின் முழு அகலத்துக்கும் திறக்கவேண்டும்.

அமெரிக்காவின் சி-130, சி-5 விமானங்களிலும் இந்த உத்திகளைப் பார்க்கலாம். அன்டோனோவ் அவற்றைக் கொண்டுபோன தூரம்தான் ஆச்சரியம்.

பாட்டி வளர்த்த பையன்

ஒலெக் அன்டோனோவ் 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது குடும்பம் வோல்கா ஆற்றங்கரையில் இருக்கும் சரடோவ் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அப்போது விமானம் என்பதே புதுசு. 1909ஆம் ஆண்டுதான் பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்திருந்தார். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அந்தக் கதைகளைச் சொல்ல, பையனுக்கு ஆசை பற்றிக்கொண்டது. பத்திரிகைகளில் வரும் விமானப் படங்களை வெட்டி ஒட்டிச் சேர்க்க ஆரம்பித்தார். பல வருடம் கழித்தும் அந்தப் பழக்கத்தால் பலன் இருந்தது. உலகில் யார் என்ன விமானம் கட்டினார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களைப் பராமரித்துவந்த அவருடைய அம்மா, நோய்த்தொற்றால் காலமானார். பாட்டிதான் பிள்ளைகளை வளர்த்தார். ரஷ்யாவில் புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. பள்ளிப் படிப்பே தடுமாறிய காலம். அதற்கு நடுவில் பதின்ம வயதுப் பையன் நண்பர்களைச் சேர்த்து விமானப் பிரியர்களுக்கு ஒரு மன்றம் தொடங்கினார்.

இன்ஜின் வாங்கக் காசு ஏது? அதனால் இன்ஜின் இல்லாமலே பறக்கும் கிளைடரைக் கட்டினார்கள். புறா என்று பெயர் வைத்தார்கள். 1924ஆம் ஆண்டு அதைக் கிரைமியாவில் நடந்த கிளைடர் சந்திப்புக்கு எடுத்துச்சென்றார் அன்டோனோவ். அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் சோவியத் விமானத் துறையில் பெரிய பெயர்களாக வளர்ந்த பல இளைஞர்களை அங்கேதான் சந்தித்தார். அடுத்த ஆண்டே லெனின்கிராட் பல்தொழில் கழகத்தில் சேர்ந்து, 1930ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

இன்ஜின் இல்லாமல் கற்ற பாடம்

படிப்பு முடிந்ததும் மாஸ்கோ கிளைடர் தொழிற்சாலையில் வேலை. கொஞ்ச காலத்திலேயே தலைமை வடிவமைப்பாளர் ஆனார். மலிவான, எளிமையான, இளைஞர்கள் பயிற்சி எடுக்கத் தோதான கிளைடர்களை அங்கே அவர் உருவாக்கினார்.

கிளைடர்தானே என்று நினைக்கவேண்டாம். இன்ஜின் சக்தியை வைத்துத் தவறுகளை மூடி மறைக்க அதில் வழியே இல்லை. ஒவ்வொரு கிலோவும் கணக்கு. தரையிறங்க ஒரே வாய்ப்புதான், அதுவும் எந்தப் புல்வெளி கிடைக்கிறதோ அங்கே. அன்டோனோவின் பிற்கால விமானங்கள் எல்லாவற்றிலும் இந்தப் பாடம் தெரியும்.

1938ஆம் ஆண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. அவர் யாக்கொவ்லெவின் விமான வடிவமைப்பு நிலையத்துக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மானியப் படைகள் பிடித்த பகுதிக்குள் ஒளிந்து சண்டை போட்டவர்களுக்கு ஆயுதமும் மருந்தும் கொண்டுபோக அவருடைய ஏ-7 கிளைடர்கள் உதவின. காட்டுக்கு நடுவில் இருக்கும் திறந்தவெளியில் சத்தமில்லாமல் இறங்க அதுதான் வழி.

அந்தப் போரின்போதுதான் வேடிக்கையான ஒரு சோதனை நடந்தது. ஒரு சின்ன டாங்கிக்கே இறக்கையும் வாலும் மாட்டி, பறக்கும் டாங்கி செய்தார் அன்டோனோவ். 1942ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு குண்டுவீச்சு விமானம் அதை வானில் இழுத்துச்சென்றது. டாங்கியின் எடையில் விமானத்தின் இன்ஜின்கள் சூடேறின. நடுவழியில் கழற்றிவிட வேண்டியதாயிற்று. டாங்கி பத்திரமாகத் தரையிறங்கியது. ஓட்டுநர் இறக்கைகளைக் கழற்றிவிட்டு டாங்கியைத் தளத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்! ஆனால் இழுத்துச்செல்லப் போதுமான சக்தியுள்ள விமானம் இல்லாததால் திட்டம் அதோடு நின்றது.

டாங்கியைப் பறக்கவைப்பதைவிட டாங்கியைச் சுமக்கும் விமானத்தைக் கட்டுவதே சரி என்பது பிறகு வந்த வரலாறு.

வயலில் இறங்கும் விமானம்

போர் முடிந்ததும் 1946ஆம் ஆண்டு சைபீரியாவின் நொவோசிபிர்ஸ்க் நகரில் தனி வடிவமைப்பு நிலையம் ஒன்று அன்டோனோவுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் எல்லாரும் ஜெட் போர் விமானங்களின் பின்னால் ஓடிய காலம் அது. அவர் கையில் எடுத்ததோ விவசாயத்துக்கான விமானம். அதுவும் மேலும் கீழும் இரண்டு அடுக்கு இறக்கை! பார்த்தவர்களுக்குப் பழங்காலத்து விமானம் மாதிரி இருந்தது.

அதில் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு அடுக்கு இறக்கையால் மிக மெதுவாகப் பறக்க முடியும். மெதுவாகப் பறக்க முடிந்தால் சின்ன இடத்தில் இறங்கலாம். மண் தரை, பனி, புல்வெளி எதுவானாலும் சரி.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி ஏஎன்-2 முதன்முதலாகப் பறந்தது. பூச்சி மருந்து தெளிப்பது, தபால் கொண்டுபோவது, நோயாளியை ஏற்றிச்செல்வது, பாராசூட் வீரர்களை இறக்குவது என்று எல்லா வேலைக்கும் அது ஓடியது. சோவியத் ஒன்றியத்திலும் போலந்திலும் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விமானங்கள் தயாராயின. சீனாவும் தனியாகக் கட்டியது. இன்னமும் சில பறந்துகொண்டிருக்கின்றன.

ராணுவத்துக்கும் பொதுமக்களுக்கும் ஒரே விமானம் என்ற எண்ணம் அவர் வேலையில் இங்கிருந்துதான் வேர் பிடித்தது.

கீவ்: பெருமையும் அடியும்

1952ஆம் ஆண்டு நிலையம் உக்ரேனின் கீவ் நகருக்கு மாறியது. கடைசி வரை அன்டோனோவின் ஊர் அதுதான்.

1957ஆம் ஆண்டு டிசம்பரில் நான்கு இன்ஜின் கொண்ட ஏஎன்-12 பறந்தது. அமெரிக்காவின் சி-130க்குச் சோவியத் பதில் என்று அதைச் சொல்வார்கள். 1965ஆம் ஆண்டு ஏஎன்-22 வந்தது. அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய விமானம். தரையைத் தொடும்போதெல்லாம் பலம் பெறும் கிரேக்கப் புராணத்து ராட்சதன் அன்டேயஸின் பெயர் அதற்கு. அதே ஆண்டு பாரிஸ் விமானக் கண்காட்சிக்கு அது வந்து இறங்கியபோது மேற்கு நாடுகள் அசந்துபோயின.

வெற்றி மட்டுமே சொன்னால் கதை பாதிதான்.

ஏஎன்-12க்கு ஏஎன்-10 என்ற உடன்பிறப்பு உண்டு. அது பயணிகள் விமானம். 1972ஆம் ஆண்டு மே மாதம் கார்கிவ் நகருக்கு அருகில் ஒரு ஏஎன்-10 நடுவானில் இறக்கை முறிந்து விழுந்தது. அதில் இருந்த 122 பேரும் மாண்டனர். உலோகத்தில் மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல் காரணம். அந்த ரக விமானங்கள் பயணிகள் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. அன்டோனோவின் பெயரில் படிந்த கனமான நிழல் அது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1968ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவின் சீர்திருத்தத்தை நசுக்கப் போன சோவியத் துருப்புகளைப் பிராக் விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது ஏஎன்-12. ஆப்கானிஸ்தான் போரில் இறந்த சோவியத் வீரர்களின் உடல்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஏஎன்-12. அதே சமயம் 1970ஆம் ஆண்டு பெரு நாட்டு நிலநடுக்கத்துக்கு உதவிப் பொருள் ஏற்றிச் சென்றவை ஏஎன்-22 விமானங்கள். அவற்றில் ஒன்று அட்லாண்டிக் கடலுக்கு மேல் காணாமல் போனது. அதில் போனவர்கள் திரும்பவே இல்லை.

லாரிக்கு அரசியல் தெரியாது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்லும் ஊருக்குப் போகும்.

அன்டோனோவ் அந்த அமைப்புக்கு உள்ளேயே வாழ்ந்தவர். சோவியத் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், நாட்டின் மிக உயரிய விருதுகளை வாங்கினார். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. தொழிற்சாலைகளின் சாதனையை எத்தனை டன் தயாரித்தார்கள் என்று அளக்கும் முறை வீண்செலவுக்குத்தான் வழிவிடும் என்று 1960களில் ஒரு புத்தகமே எழுதினார். ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டுவார்.

லடாக், யாழ்ப்பாணம், தாம்பரம்

தமிழர்களின் கதைக்குள்ளும் அன்டோனோவின் விமானங்கள் பறந்திருக்கின்றன.

இந்திய விமானப்படை 1961ஆம் ஆண்டு முதல் ஏஎன்-12 விமானங்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சீனாவுடன் போர். லடாக்கின் சுஷுல் பகுதிக்குச் சாலை வழியாக டாங்கிகளைக் கொண்டுபோக முடியவில்லை. 1962ஆம் ஆண்டு அக்டோபரில் ஏஎன்-12 விமானங்கள் ஏஎம்எக்ஸ்-13 ரக டாங்கிகளைச் சண்டிகரிலிருந்து தூக்கிச்சென்று, கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேல் இருக்கும் அந்தச் சின்ன ஓடுதளத்தில் இறக்கின. 20 வருடத்துக்கு முன் பாதியில் நின்ற பறக்கும் டாங்கிக் கனவு வேறு வடிவில் நிறைவேறியது என்றே சொல்லலாம்.

உயரமான இடங்களில் காற்று மெலிது. சூடு கூடினால் இன்னும் மெலியும். இறக்கைக்கும் இன்ஜினுக்கும் திணறல்தான். இந்தியாவின் இந்தத் தேவைக்காகவே உருவானது ஏஎன்-32. அதில் சக்திவாய்ந்த இன்ஜின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். பெரிய உந்துசுழலி சுழல இடம் வேண்டுமே! 1976ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த அந்த விமானம், 1984ஆம் ஆண்டு இந்திய விமானப்படையில் சேர்ந்தது. நூற்றுக்கும் அதிகமானவற்றை இந்தியா வாங்கியது.

1987ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் உணவையும் மருந்தையும் பாராசூட்டில் போட்டவை இந்தியாவின் 5 ஏஎன்-32 விமானங்கள். கூடவே மிராஜ் போர் விமானங்கள் பாதுகாப்புக்குப் போயின. பூமாலை நடவடிக்கை என்று பெயர். நிவாரணம் என்றது இந்தியா, அத்துமீறல் என்றது இலங்கை. இன்றும் விவாதிக்கப்படும் நாள் அது.

2016ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 வங்காள விரிகுடாவில் காணாமல் போனது. அதில் 29 பேர். ஏழு வருடத்துக்கும் மேல் ஒரு தடயமும் இல்லை. சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தெரிந்தன. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அது உறுதிப்படுத்தப்பட்டது. 29 குடும்பங்களுக்கு ஒரு பதில் கிடைக்க அவ்வளவு காலம் ஆனது.

ருஸ்லான்: கடைசிப் பெரிய வேலை

1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் சி-5 கேலக்ஸி பறந்தது. ஏஎன்-22 விமானத்தை அது மிஞ்சியது. சோவியத் ராணுவத்துக்கு அதைவிடப் பெரியது வேண்டும். பொறுப்பு அன்டோனோவின் நிலையத்துக்கு வந்தது.

பல வருட உழைப்பு. ராட்சத ஜெட் இன்ஜின்கள் உக்ரேனின் ஸப்போரீஷியாவில் தயாராயின. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி கீவில் ஏஎன்-124 முதன்முதலாக வானில் ஏறியது. ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கதைநாயகன் ருஸ்லானின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

எண்களில் ஏஎன்-124:

• நீளம் சுமார் 69 மீட்டர், இறக்கையின் முழு அகலம் சுமார் 73 மீட்டர்
• சுமக்கும் எடை 120 டன், மேம்படுத்தப்பட்ட ரகம் 150 டன்
• மொத்தம் 24 சக்கரங்கள்
• சரக்கு அறை சுமார் 36 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், 4.4 மீட்டர் உயரம்

புரியும்படி சொன்னால், சரக்கு அறையின் தரையில் மட்டும் இரண்டு 4 அறை வீவக வீடுகளை வைத்துவிட்டு மிச்ச இடத்தில் நடமாடலாம். நம் எம்ஆர்டி ரயில் பெட்டி ஒன்று தாராளமாக உள்ளே போகும்.

அளவைவிட முக்கியம் வேறு. இந்த விமானம் மண்டியிடும்! முன் சக்கரங்களை மடக்கி, மூக்கைத் தரைக்குத் தாழ்த்தும். பிறகு மூக்கு அப்படியே மேல்நோக்கித் திறக்கும். சாய்தளம் விரியும். பின்பக்கமும் திறப்பதால் ஒரு வழியாக ஏறிய வண்டி இன்னொரு வழியாக இறங்கலாம். உள்ளே கூரையிலேயே பாரந்தூக்கிகள் உண்டு. இறங்கும் ஊரில் ஒரு வசதியும் இல்லாவிட்டாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வயலில் இறங்கிய ஏஎன்-2க்குப் பின்னால் இருந்த அதே கேள்விக்குத்தான் இதுவும் பதில். அளவு மட்டும் மாறியது.

அன்டோனோவ் 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி கீவில் காலமானார். வயது 78. ருஸ்லான் பறப்பதைப் பார்த்துவிட்டார். அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் உலகம் அதைப் பார்த்து வியந்தபோது அவர் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை அவர் கற்பனை செய்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

ராணுவ லாரி எல்லாருக்கும் லாரி ஆனது எப்படி?

1980களின் கடைசியில் சோவியத் ஒன்றியம் ஆட்டம் கண்டது. அரசிடம் பணம் இல்லை. விமானத்தை நிறுத்திவைத்தால் துருதான் பிடிக்கும். 1989ஆம் ஆண்டு அன்டோனோவ் நிலையமே ஒரு சரக்கு விமான நிறுவனத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ரஷ்யாவில் வோல்கா-டினெப்பர் நிறுவனம் வந்தது. இரண்டும் ஏஎன்-124ஐ வாடகைக்கு விட்டன.

அவ்வளவு பெரிய விமானத்தை அதுவரை வேறு யாரும் வாடகைக்கு விட்டதில்லை. அமெரிக்காவின் சி-5 ராணுவத்தின் கையில் மட்டுமே. பெரிய பொருள் அவசரமாகப் போகவேண்டுமா? அன்டோனோவைக் கூப்பிடு என்றாயிற்று.

1994ஆம் ஆண்டு கனடாவிலிருந்து அயர்லாந்துக்கு 100 டன்னுக்கும் அதிக எடையுள்ள ரயில் இன்ஜின் ஒன்று ஏஎன்-124 விமானத்தில் பறந்தது. எண்ணெய்க் கிணற்றுச் சாதனங்கள், மின்நிலைய இயந்திரங்கள், செயற்கைக்கோள்கள், விமான இன்ஜின்கள் எல்லாம் அதில் பயணம் செய்தன. அமெரிக்காவின் அட்லஸ் ரக ராக்கெட்டின் பாகங்களும் ஏவுதளத்துக்கு அதில் போயிருக்கின்றன. சாங்கியிலும் அது இறங்கியிருக்கிறது.

2001ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க வேவு விமானம் ஒன்று சீனப் போர் விமானத்தோடு மோதி ஹைனான் தீவில் அவசரமாக இறங்கியது. அதைப் பறந்து போக சீனா அனுமதிக்கவில்லை. கடைசியில் விமானத்தைப் பிரித்து, ரஷ்ய நிறுவனம் ஒன்றின் ஏஎன்-124க்குள் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவுக்கு எதிராகக் கட்டிய விமானம் அமெரிக்க ராணுவ விமானத்தைச் சுமந்தது!

மனத்தைத் தொடும் சுமை 2005ஆம் ஆண்டில் வந்தது. எத்தியோப்பியாவின் அக்சும் நகரில் இருந்த, 1,700 ஆண்டு பழமையான கல்தூணை 1937ஆம் ஆண்டு முசோலினியின் படைகள் ரோமுக்கு எடுத்துப் போயிருந்தன. உயரம் 24 மீட்டர், எடை சுமார் 160 டன். திருப்பித் தரச் சம்மதித்த பிறகும் எப்படிக் கொண்டுபோவது என்பது பெரிய சிக்கல். மூன்று துண்டுகளாக, மூன்று பயணங்களில் ஏஎன்-124 அதை அக்சுமின் சின்ன விமான நிலையத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. தூண் 2008ஆம் ஆண்டு மீண்டும் சொந்த மண்ணில் நின்றது.

2006ஆம் ஆண்டு முதல் நேட்டோ நாடுகளே அவசரத் தேவைக்கு ஏஎன்-124 விமானங்களை ஒப்பந்தத்தில் எடுத்தன. யாரை எதிர்க்க அந்த விமானம் கட்டப்பட்டதோ அவர்களே வாடிக்கையாளர்கள்.

கனவு எரிந்த நாள்

அன்டோனோவ் இறந்து நான்கு ஆண்டு கழித்து, அவர் விட்டுச்சென்ற குழு ருஸ்லானை இன்னும் நீட்டியது. ஆறு இன்ஜின், 32 சக்கரம், 88 மீட்டர் இறக்கை. அதுதான் ஏஎன்-225. சோவியத் விண்வெளி ஓடம் புரானை முதுகில் சுமக்கக் கட்டியது. உக்ரேனிய மொழியில் மிரியா என்று பெயர். அர்த்தம் கனவு. ஒன்றே ஒன்றுதான் பறந்தது.

புரான் திட்டம் நின்றுபோக, மிரியாவும் பல வருடம் சும்மா நின்றது. 2001ஆம் ஆண்டு மறுபடியும் பறந்தது. 2009ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து ஆர்மீனியாவுக்குச் சுமார் 188 டன் எடையுள்ள மின்னாக்கியைச் சுமந்தது. விமானத்தில் போன ஆகக் கனமான ஒற்றைப் பொருள் என்ற சாதனை அது.

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்தன. முதல் நாளே குறிவைத்த இடங்களில் ஒன்று கீவுக்கு அருகிலுள்ள ஹோஸ்டோமெல் விமான நிலையம். அன்டோனோவ் நிறுவனத்தின் சொந்தத் தளம். அந்தச் சண்டையில் மிரியா எரிந்துபோனது. அன்டோனோவ் பிறந்தது ரஷ்யாவில், வாழ்ந்து மறைந்தது உக்ரேனில். அவர் பெயர் தாங்கிய விமானத்தை அவர் பிறந்த நாட்டின் போர் எரித்தது.

இனி என்ன?

ஏஎன்-124 மொத்தம் 55 போலத்தான் கட்டப்பட்டன. புதியவை வருவது 2004ஆம் ஆண்டோடு நின்றது. விமானம் கீவிலும் ரஷ்யாவின் உல்யனோவ்ஸ்க் நகரிலும் தயாரானது, இன்ஜினோ உக்ரேனிலிருந்து வந்தது. இரண்டு நாடுகளும் பேசிக்கொண்டிருந்த வரை தயாரிப்பை மீண்டும் தொடங்கலாம் என்ற பேச்சு இருந்தது. 2014ஆம் ஆண்டு உறவு முறிந்ததும் அதுவும் முடிந்தது.

2022ஆம் ஆண்டுக்குப் பிறகு ரஷ்ய நிறுவனத்தின் விமானங்கள் மேற்கு நாடுகளின் வானில் நுழைய முடியவில்லை. ஒன்று கனடாவின் டொரோண்டோ விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டது. உக்ரேனிய நிறுவனம் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலிருந்து, கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய விமானங்களோடு சேவையைத் தொடர்கிறது.

உலகம் இப்போதும் பெரிய பொருள்களைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவற்றை அவசரத்துக்குத் தூக்கிச்செல்லும் விமானங்களுக்கு வயது ஏறுகிறது. சிங்கப்பூர் மாதிரி எல்லாமே வெளியிலிருந்து வரவேண்டிய நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. பாலம் இடிந்தாலோ, துறைமுகம் அடைபட்டாலோ, நிலநடுக்கத்தில் சாலை காணாமல் போனாலோ கடைசியில் கேட்கப்போவது அன்டோனோவ் கேட்ட அதே கேள்வியைத்தான். ஒன்றுமே இல்லாத இடத்தில் சுமையை எப்படி இறக்குவது?

அதற்கு அவர் தந்த பதில்கள் பழசாகிவிட்டன. அடுத்த பதிலை இன்னும் யாரும் கட்டவில்லை.